நான் தேர்ந்தெடுத்த பக்கம்

முத்துக்குமாரா,

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது. உனக்குத் தமிழ் பேச வரும், திட்டினால் நன்றாகவே புரியும், எழுத்து மட்டும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது நானே படித்துக் காட்டப் போகிறேன். அப்படியானால் வாயால் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, எதற்குப் பத்திரிகைக்குக் கொடுக்கிறாய் என்று உன் அப்பா கேட்டார். உன்னைப் பற்றி நான் எழுதிய கதை அச்சில் வந்தது. தப்பை ஊரறியச் செய்துவிட்டு மன்னிப்பை மட்டும் சமையலறையில் வைத்துக் கேட்டால் அது என்ன நியாயம்? இன்னொன்றும் இருக்கிறது. என் கதைகள் தெலுங்கில் புத்தகமாக வரப்போகின்றன, அந்தக் கதை அதில் இருக்கலாமா கூடாதா என்று வருகிற திங்கட்கிழமைக்குள் பதிப்பாளருக்குச் சொல்லியாக வேண்டும். இந்தத் தடவை அதை நீதான் சொல்லவேண்டும். அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிற பிள்ளை, இனி என்னை நம்பி மனசில் இருப்பதை ஒரு வார்த்தை சொல்வானா மாட்டானா என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம். விருது, புத்தகம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

விருது விழா நடந்த அன்று நான் மிதப்பில்தான் இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஹைதராபாத் பேகம்பேட்டில் அந்த ஓட்டல் இருக்கிற அதே சாலையில் இருபத்தெட்டு வருஷம் ஒரு ஆபீசில் டைப் அடித்தவள் நான். ஒரு நாள்கூட அதன் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. அன்றைக்குக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள், பூங்கொத்து கொடுக்க ஒரு ஆள். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள், 'பிராந்திய மொழி எழுத்தாளர், தமிழ்' என்று. எந்தப் பிராந்தியம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக ஏ.எஸ்.ராவ் நகரில் உட்கார்ந்துகொண்டு திருநெல்வேலிக்காரர்கள் படிப்பதற்காக எழுதுகிறவள் எந்தப் பிராந்தியத்தில் சேர்த்தி? பக்கத்தில் உர்துக்காரர் ஒருவர், மராத்திக்காரம்மா ஒருவர், கன்னடம், தெலுங்கு என்று ஐந்து பேரும் கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கீழே நாலாவது மேஜையில் நீ, அப்பா, ஹாரிகா, அவளுடைய அம்மா அப்பா. வரப்போகிற சம்பந்திகள் நான் விருது வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களை அழைத்துவந்தது நீதான். அதற்காக எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. விருதைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொருவர் புத்தகத்திலிருந்தும் ஒரு பக்கத்தைத் தெலுங்கில் பெயர்த்து மேடையில் வாசிப்பார்கள். கைதட்டுகிறவர்களுக்கு எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியவேண்டுமாம். அது முடிந்துதான் சாப்பாடு. எந்தப் பக்கம் என்று எழுதினவரே முன்கூட்டிச் சொல்லவேண்டும். யாரோ மொழிபெயர்ப்பாளர் செய்த வேலை என்று நீ நினைத்திருந்தாய் அல்லவா? இல்லை. இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இதுதான் என் உயிரான பக்கம் என்று நானே அடையாளத் தாள் வைத்துக் கொடுத்தேன். ஒரு பையன் போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தான் பரீட்சையில் பெயிலானதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அந்தத் தக்காளிகளைப் பார்த்து ஒத்திகை பண்ணுகிற பக்கம். அந்தப் பையன் யார் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் கூட்டத்தில் நீ இருப்பாய், உன் காதில் விழும், விழுந்தால் உனக்குப் புரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வருஷப் பழக்கம் அது.

நடந்தது உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்கு அப்போது பதினேழு வயது. இன்டர் முதல் வருஷம், நம்மூர் பிளஸ் ஒன் மாதிரி, அதில் கணக்கில் பெயில். எங்களிடம் பாஸ் என்று சொல்லிவிட்டாய். பெயிலானவர்கள் பெற்றோரோடு வந்தால்தான் வகுப்பு என்று காலேஜில் சொன்னதால் நீ அங்கே போகவும் முடியவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. தினமும் காலையில் பையையும் டிபன் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு கிளம்பி, பஸ் பாஸை வைத்துப் போவன்பள்ளிக்குப் போய், மார்க்கெட்டில் லாரி இறக்குவதைப் பார்த்தபடி பொழுதைப் போக்கிவிட்டு சாயங்காலம் திரும்பி வருவாய். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் உனக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்து, நன்றாகப் படி ராசா என்று வாசலில் நின்று கையாட்டினேன். பன்னிரண்டாம் நாள் நீயே என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாய். "யார்கிட்டயும் சொல்லாதம்மா, ப்ராமிஸ்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். நானும் உன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன். மறுநாள் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தோசையைப் பிட்டுக்கொண்டே "சரி, மறுபடி எழுதட்டும்" என்றார். அவ்வளவுதான். பிள்ளை இப்படித் தவித்திருக்கிறான், இந்த மனுஷருக்குச் சட்னிமேல் இருக்கிற கவனம்கூட இல்லையே என்று எனக்கு அன்று வந்த கோபம் லேசில் அடங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, நீ இன்ஜினியரிங் சேர்ந்தபிறகு, அதை நான் கதையாக எழுதினேன். சத்தியத்தை மீறுகிறோம் என்று எனக்குத் துளிகூடப் படவில்லை. நம் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து வீடு இருந்தால் அதிகம். உன் சிநேகிதர்கள் யாருக்கும் தெரியாது, உனக்கே தெரியாது. ஹைதராபாத்தில் தமிழில் எழுதுவது என்பது எனக்கு பீரோவில் வைத்துப் பூட்டுகிற மாதிரி. உன்னைப் பற்றி அந்த ஒரு கதை மட்டுமல்ல, உன் முதல் காதல், நீ மீசை வளர்க்கப் பட்ட பாடு, எல்லாமே வெவ்வேறு பெயர்களில் என் கதைகளில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் உனக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். ஏற்கனவே தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று மூன்று எழுத்தில் திணறிக்கொண்டிருந்த நீ, நாலாவதைப் பார்த்து அழுதாய். பிள்ளையைப் படுத்தவேண்டாம் என்று விட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொல்வேன். அது பாதிதான் உண்மை. நீ படிக்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

வாசித்த பெண் நல்ல குரல்காரி. முதல் இரண்டு வரி வரைக்கும் நான் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் யார் தலையாட்டுகிறார்கள் என்று. மூன்றாவது வரியில் 'போவன்பள்ளி' என்று வந்தபோதுதான் உன் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் அந்தப் பக்கம் முடிகிறவரை எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. கைதட்டினார்கள். ஹாரிகாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுடைய அப்பா உன் அப்பா பக்கம் சாய்ந்து சிரித்தபடி ஏதோ கேட்டார், அப்பாவும் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். உடனே நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாய். நான் மேடையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கேடயத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தேன். அந்தப் போட்டோ நேற்று வந்தது. அதில் நான் சிரிக்கிற சிரிப்பைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு நீ திரும்பி வரவில்லை. காரில்தான் இருந்தாய். வீட்டில் எங்களை இறக்கிவிட்டு "குட் நைட் மா" என்றாய். அதற்குப் பிறகு மூன்று வாரம், போனில் "பிஸி", "சரி", 'ஆமாம்' என்பதற்கு இந்த ஊர் "ஹவ்", அவ்வளவுதான். கல்யாண வேலையைக்கூட அப்பாவிடமே பேசிக்கொண்டாய்.

வரப்போகிற பெண்டாட்டி, மாமனார், மாமியார் முன்னால் பெயிலான கதையைப் போட்டு உடைத்துவிட்டேன், அந்த அவமானம்தான் உனக்கு என்று நான் நினைத்தேன். மூன்று வாரமும் அதற்குத்தான் மன்னிப்பு தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். ஹாரிகாவுக்குப் போன் பண்ணி, "தப்பா நினைக்காதேம்மா" என்றுகூடச் சொல்லிப்பார்த்தேன். "அய்யோ ஆன்ட்டி, அது எனக்கு எப்பவோ தெரியும், பழகின முதல் மாசமே சொல்லிட்டான்" என்று அவள் தெலுங்கில் சொன்னதும் எனக்குக் குழப்பமாகிவிட்டது. அப்படியானால் எதற்கு இந்தக் கோபம்?

கல்யாணப் பத்திரிகையின் தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்க இந்த வீட்டை விட்டால் உனக்குப் போக்கிடம் இல்லை. அதனால்தான் போன புதன்கிழமை மதியம் வந்தாய். பிரஸ்காரருக்கு நான் ஒரு கும்பிடு போடவேண்டும். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். தாங்க முடியாமல் நான்தான் ஆரம்பித்தேன்.

"தப்புத்தான்டா. உன்னை எல்லார் முன்னாலயும் பெயில்னு காட்டிட்டேன்."

"லைட் தீஸ்கோ மா, பெருசா எடுத்துக்காத. பெயிலானது எல்லாம் எனக்கு இப்ப ஜோக். அது இல்ல மேட்டர்."

"பெறகு?"

"அந்த ஃபாதர் யாரு? ஸ்டோரில அவ்ளோ கோவமா, பையன் அவர் பேரைக் கேட்டாலே நடுங்குறான்ல. யாரும்மா அது? அப்பா என்னை எப்ப அடிச்சார்? எப்ப கத்தினார்?"

"கதைன்னா கொஞ்சம்..."

"ஹாரிகா டாடி அவரைப் பாத்து என்ன கேட்டார் தெரியுமா? 'அவ்வளவு கோபமா சார் உங்களுக்கு?'ன்னு. அப்பா சிரிச்சிட்டு, 'சின்ன வயசுல கொஞ்சம் அப்படித்தாங்க'ன்னார். எல்லார் முன்னாடியும். உனக்காக. பொய் சொன்னார் மா."

நான் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம்தான் நீ எனக்குத் தெரியாத மிச்சத்தைச் சொன்னாய். ஃபேக்டரியில் அப்பாவோடு வேலைபார்த்த ஒருவர் வீட்டு விசேஷத்துக்குக் காய் வாங்கப் போனபோது உன்னை மார்க்கெட்டில் பார்த்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நாலாவது நாளே அப்பா ஸ்கூட்டரில் அங்கே வந்துவிட்டார். அந்த நாட்களில் அவருக்கு இரண்டாம் ஷிப்ட், காலையில் வேலை கிடையாது. நான் ஆபீசுக்குக் கிளம்பினதும் அவர் நேராகப் போவன்பள்ளிக்கு வந்து, உன் பக்கத்தில் ஒரு கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, உன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் டிரிக்னாமெட்ரி! "அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லணும். உனக்கு என்னைக்குத் தைரியம் வருதோ அன்னைக்குச் சொல்லு" என்றாராம். எட்டு நாள் வந்திருக்கிறார்.

"அப்ப ஒத்திகை பாத்தது?" என்று கேட்டேன். அந்த ஒத்திகை விஷயம் மட்டும் நீ அன்றைக்கே என்னிடம் சொன்ன நிஜம்.

"உனக்குத்தாம்மா. அப்பாக்கு எதுக்கு ஒத்திகை? ரிசல்ட் வந்த அன்னைக்கே உங்கிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீ எழுதிட்டு இருந்த. நிமிந்து பாக்காம கையை மட்டும் இப்படித் தூக்கின, வெயிட்னு. நான் கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் வந்து என்னடான்னு கேட்ட. பாஸ்னு வாயில வந்துருச்சு."

முத்து, கதையில் வந்த அந்தப் பயங்கரமான அப்பாவை நான் தோசையைப் பிட்டுக்கொண்டே 'சரி' என்றவர்மேல் இருந்த கோபத்திலிருந்து எடுத்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் பயந்த ஆள் வேறு ஒருத்தி. அவள் பேனாவோடு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கதையைத் தெலுங்குப் புத்தகத்தில் போடலாமா என்று கேட்டதற்கு நீ, "தெரியல மா, யோசிக்கணும். சண்டே வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். பத்திரிகையில் உன் மாமா பெயருக்கு இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வாக்கிங் போய்விட்டு வந்தார். ஷூவைக் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன். "ஏன் இத்தன வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"அவன் சொல்லுவான்னு இருந்தேன். அவன் சொல்லிட்டான். பெறகு நான் என்னத்த சொல்ல?"

"அந்தக் கதைய அன்னைக்கு மேடையில கேட்டப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அன்னைக்கா? பத்திரிகையில வந்த அன்னைக்கே படிச்சாச்சுல்லா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலெக்ட்ரானிக்ஸ் மேனுவலைத் தவிர வேறு எதையும் தொடாதவர் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்! "என் கதைய நீங்க படிப்பீங்களா?"

"எல்லாத்தயும் படிச்சிருக்கேன். நீ ஆபீசுக்குப் போனதும் படிப்பேன். நீ பக்கத்துல இருந்தா எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு கேப்ப. எனக்குச் சொல்லத் தெரியாது."

"கோவம் வரலயா?"

"அது நான் இல்லன்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கோவம் எதுக்கு? கதை நல்லாத்தான இருந்துச்சு."

நான் அழுதேன். ஐம்பத்தொன்பது வயசில், சால்வையும் கேடயமும் ஷோகேஸில் இருக்க, ஹாலில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இத்தனை வருஷம் மனுஷர்களைக் கூர்ந்து பார்த்து எழுதுகிறவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பக்கத்துத் தட்டில் சாப்பிடுகிறவரைப் பார்க்கவில்லை.

கல்யாணமாகப் போகிறவனுக்குத் தாயார் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இரண்டுதான், இரண்டும் என் தப்பிலிருந்து எடுத்தது. நாளைக்கு உங்கள் வீட்டில் தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று ஓடும். ஒருத்தருக்குப் புரியாத பாஷையில் அவரைப் பற்றிப் பேசாதீர்கள். நல்லதாக இருந்தாலும் பேசாதீர்கள். போன பொங்கலுக்கு ஹாரிகா வந்திருந்தபோது, அவள் எதிரிலேயே நானும் அப்பாவும் அவள் சமையல் எப்படி இருக்குமோ என்று தமிழில் பேசிக்கொண்டோமே, அது ஒரு அற்பத்தனம். அதையும் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் ஒத்துக்கொள்வேன். இரண்டாவது, நீ உன் அப்பாவின் பிள்ளை. வாயைத் திறக்காமலே அன்பாக இருக்கத் தெரிந்தவன். அது பெரிய குணம்தான், ஆனால் பேசாத ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் தாங்களாக ஒரு வசனத்தை எழுதிக்கொள்வார்கள், என்னைப் போல. மூன்று வாரம் காரில் உட்கார்ந்திராதே. முதல் நாளே உள்ளே வந்து கத்திவிடு. கத்த உனக்கு உரிமை இருக்கிறது.

நீ வேண்டாம் என்றால் அந்தக் கதை தெலுங்கில் வராது. புத்தகமே வராமல் போனாலும் எனக்குச் சம்மதம். இதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

உன் அம்மா.

பின்குறிப்பு, திங்கட்கிழமை காலை:

நேற்று நீயும் ஹாரிகாவும் வந்தீர்கள். நான் சோபாவில் உட்கார்ந்து மேலே உள்ளதைப் படித்தேன். நான் ஒரு பத்தி படிப்பதும், நீ அதை ஹாரிகாவுக்குத் தெலுங்கில் சொல்வதுமாகப் போயிற்று. விழாவில் வாசித்ததைவிட உன் மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தது, ஒரு இடத்தில் என்னைவிடவே நன்றாகச் சொன்னாய். பொங்கல் விஷயம் வந்ததும் ஹாரிகா விழுந்து விழுந்து சிரித்தாள். "அன்னைக்கே புரிஞ்சுது ஆன்ட்டி, 'சமையல்'னு வார்த்தை எனக்குத் தெரியும்" என்றாள். அப்பா நடுவில் எழுந்து மோட்டார் போடப் போனார். தண்ணீர்த் தொட்டி ஏற்கனவே நிறைந்துதான் இருந்தது.

படித்து முடித்ததும் நீ, "ஸ்டோரி இருக்கட்டும் மா. ஆனா இந்த லெட்டரையும் அதுக்குப் பின்னாடியே போடணும். ரெண்டும் சேந்துதான்" என்றாய். பதிப்பாளரிடம் இப்போதுதான் சொல்லிவிட்டு வந்து உட்காருகிறேன். கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாய். அது மார்க்கெட்டில் நீயும் அப்பாவும் பேசிக்கொண்டதில் ஒன்று, நீ வாய்தவறி என்னிடம் சொன்னது. உன் கண்ணெதிரிலேயே பேனாவை எடுத்து, எழுத்து தெரியாதபடி அடித்தேன். எழுதுகிறவளாகச் சொல்கிறேன், இந்தக் கடிதத்திலேயே நல்ல வரி அதுதான். அது என்னவென்று யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்.